இரண்டு பேர் தூக்கும் எடை

வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போவதை நான் முதன்முதலில் கவனித்தது, ஒரு பிரேக் டிரம்மை லேத் என்கிற கடைசல் மெஷினுக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது. வலி இல்லை. வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன். மோதிர விரலும் சுண்டு விரலும் அங்கே இல்லாத மாதிரி இருந்தது, அவ்வளவுதான். டிரம் தன் இடத்தில் உட்கார்ந்தது. மறுபக்கம் பிடித்திருந்த என் ஜோடி கையை எடுத்தாள், நானும் எடுத்தேன், மெஷின் கதவு மூடிக்கொண்டது. கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தன.

எங்கள் ஷெட் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. லாரிகளுக்கான பிரேக் டிரம் செய்தோம். வார்ப்பு இரும்பாகக் கரடுமுரடாக வருவதை லேத்தில் மாட்டி, உள்ளேயும் வெளியேயும் கடைந்து வழவழப்பாக்கி அனுப்ப வேண்டும். கடைவதை மெஷினே பார்த்துக்கொள்ளும். தூக்கி உள்ளே வைப்பதும், கடைந்து முடிந்ததும் வெளியே எடுத்து, டிரம்மைத் தள்ளிவிடுகிற உருளைப் பாதையில் இறக்குவதும் மனுஷர் வேலை. ஒரு டிரம் நாற்பத்தெட்டு கிலோ. ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் பிடிப்போம். ஷிப்டுக்கு எண்பது டிரம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தூக்க வேண்டும். மதியத்துக்குள் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும், இரும்புத் தூள்.

மெஷினுக்கு மேலே ஒரு சங்கிலி ஹாயிஸ்ட் தொங்கியது. பட்டனை அழுத்தினால் டிரம்மைக் கொக்கியில் மாட்டித் தூக்கும். ஆனால் பட்டன் பாதி நேரம் வேலை செய்யாது. வேலை செய்தாலும் ஒரு டிரம்முக்கு மூன்று நிமிஷம் கூடுதலாகத் தின்னும். ஆண்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. தொட்டால் கேலி. பெண்கள் நாங்கள் வந்த பிறகு எங்களுக்கும் அதே கதைதான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

நான் அதற்கு முன் பதினோரு வருஷம் காசிமேட்டில் மீன் பெட்டி தூக்கினேன். ஐஸ் போட்ட பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஈரத் தரையில் ஓட்டமும் நடையுமாக ஏலம் போடுகிற இடத்துக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அவருக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் நாத்தனார் வந்து சொன்னாள், எண்ணூர் ரோட்டில் ஒரு கம்பெனி வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள் என்று. 'மெஷின் ஷாப் வேலை. நல்ல உடல் பலம் உள்ளவர்கள் தேவை. ஆண், பெண் இருவரும்.'

"உனக்கில்லாத பலமா அண்ணி? நீ போய் மொத சேரு. அப்பால என்னையும் இஸ்துக்கோ" என்றாள்.

ஆறு பெண்கள் போயிருந்தோம். ஷிப்ட் சூப்பர்வைசர் எங்களை ஷெட்டின் நடுவில் நிறுத்தினார். கழித்துப்போட்ட ஒரு டிரம்மைக் காட்டி, இரண்டு இரண்டு பேராக அதைத் தரையிலிருந்து மேசைக்குத் தூக்கி, மறுபடி தரையில் வைக்கச் சொன்னார். இருபது தடவை. நடுவில் நிற்கக்கூடாது. மெஷின்களில் இருந்த ஆண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒருத்தர் சத்தமாகவே சொன்னார், "ஆடி வரைக்கும் தாங்கினா பெருசு."

எனக்கு ஜோடியாக நின்றவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள். குட்டையாக, தோள் அகன்று இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பளு தூக்கி மாவட்டம் வரைக்கும் போனவள் என்று பிறகு தெரிந்தது. கல்யாணத்துக்கப்புறம் அதை விட்டுவிட்டு வண்ணாரப்பேட்டையில் துணிக் குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். டிரம்மைத் தொடுவதற்கு முன் என்னிடம் குனிந்து சொன்னாள்.

"அக்கா, முதுகுல தூக்காத. குந்து. தொடையில தூக்கு. நான் மூச்சு வுடும்போது நீயும் வுடு."

இருபது முடித்தோம். இருபத்தொன்றாவதையும் அவள் வேண்டுமென்றே தூக்கினாள், ஆடி என்று சொன்னவரைப் பார்த்துக்கொண்டே. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடவே தூக்கினேன். ஆறு பேரில் நாலு பேரை எடுத்தார்கள். இரண்டு பேர் லேத்துக்கு, அதாவது நாங்கள். மற்ற இரண்டு பேர் பேக்கிங்குக்கு.

ஆடி போனது, தீபாவளி போனது, பொங்கலும் போனது. ஆண்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக எண்ண ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அவங்க எத்தனை, நாம எத்தனை என்று. நாங்கள் எண்பதுக்குக் கீழே போனதே இல்லை. லேத்துக்கு இன்னும் பெண்களை எடுக்கலாமா என்று மேலே பேச்சு நடப்பதாக சூப்பர்வைசர் சொன்னார். நாத்தனார் வாரம் ஒரு தடவை கேட்பாள், "இன்னா அண்ணி, எப்போ?"

விரல்கள் மரத்துப்போனது அந்தச் சமயத்தில்தான்.

முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு சாப்பாட்டு நேரம் வரை நீண்டது. ஒரு வாரத்தில் நாள் பூராவும் ஆனது. வீட்டில் டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. ரவிக்கைக் கொக்கியைப் போட இடது கையால் துழாவ வேண்டியிருந்தது. ஒருநாள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கரண்டியை நான் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடித்திருந்ததைக் கவனித்துவிட்டார்.

"கைல இன்னாமே?"

"ஒண்ணுமில்ல. சுளுக்கு. நீ சாப்புடு."

"மருந்துக் கடையில காட்டினியா?"

காட்டியிருந்தேன். கடைக்காரர் சத்து மாத்திரை கொடுத்து, கைக்கு ஓய்வு கொடும்மா என்றார். ஓய்வு கொடுத்தால் யார் தூக்குவது? சூப்பர்வைசரிடம் போய், சார் என் கையில் பிடி இல்லை, ஹாயிஸ்டை ரிப்பேர் செய்து கொடுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். "பாத்தீங்களா, பொம்பளைங்களால ஆவாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எங்கள் இரண்டு பேரையும் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள். நாத்தனாருக்குக் கதவு மூடிவிடும். இதையெல்லாம் எனக்குள் சொல்லிச் சொல்லியே மூன்று வாரத்தைக் கடத்தினேன். பொய் என்று யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் ஒன்று, ஜோடியிடம் ஒன்று தவிர. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

கையுறைக்கு மேலே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாகப் போட்டுக்கொண்டேன், பிடி நழுவாமல் இருக்க. இடது கையில் அதிகமாகத் தாங்குகிற மாதிரி உடம்பைத் திருப்பி நிற்கப் பழகினேன். அவள் கவனித்தாள்.

"இன்னாக்கா, எடம் மாத்தி நிக்கிற?"

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

அவள் மேலே பார்த்தாள். எங்கள் தலைக்கு மேலே இருந்த விளக்கு ஒரு மாசமாக எரியவே இல்லை. குனிந்து அடுத்த டிரம்மைப் பிடித்தாள். அந்த நாட்களில் அவள் பேச்சே குறைந்துவிட்டிருந்தது. முன்பெல்லாம் ஐம்பதாவது டிரம்மில் பாட்டு முணுமுணுப்பவள், இப்போது இருபதிலேயே வியர்த்து உட்கார்ந்துவிடுவாள். சாப்பாட்டு டப்பாவில் அவித்த முட்டை மூன்று, நாலு என்று கொண்டுவந்தாள். ஒருநாள் பாதி நாள் லீவு போட்டாள். எங்கே போனாய் என்றதற்கு, சும்மா ஒரு வேலை என்றாள். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். என் பாட்டில் என் கையை மறைத்துக்கொண்டிருந்தவளுக்கு வேறெதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை டிரம் வாங்குகிற கம்பெனியிலிருந்து நாலு பேர் வருவதாகச் சொன்னார்கள். பெண்கள் லேத்தில் வேலை செய்வதைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். தரையைத் துடைத்தார்கள், மஞ்சள் கோடு புதுசாகப் போட்டார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் புதுக் கையுறை வந்தது. பழசு என் கைக்குப் பழகியிருந்தது, ட்யூப் வளையமும் அதில்தான் இருந்தது. வந்தவர்கள் முன்னால் ட்யூபைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது.

காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். எங்கள் மெஷினுக்கு முன்னால் அரைவட்டமாக நின்றார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தர் மேலே தொங்கிய ஹாயிஸ்டைக் காட்டிக் கேட்டார், "இதை ஏன் இவங்க யூஸ் பண்றதில்ல?"

சூப்பர்வைசர் சிரித்தார். "தேவைப்படறதில்ல சார். நீங்களே பாருங்க" என்று எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

குந்தினேன். டிரம்மின் விளிம்பில் கையைக் கொடுத்தேன். இடது கை பிடித்தது. வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் விளிம்பை உணர்ந்தன. அவள் மூச்சை விட்டாள், நானும் விட்டேன். டிரம் எழும்பியது. இடுப்புக்கு வந்தது. மெஷின் வாசல் வரை இரண்டு எட்டு. அந்த இரண்டு எட்டும் எவ்வளவு தூரம் என்று எனக்குத்தான் தெரியும். வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது கண்ணுக்குத் தெரிந்தது, உணர்வாகத் தெரியவில்லை. அதுதான் பயங்கரம். தொடையை டிரம்முக்கு அடியில் கொடுத்து, ஒரு தள்ளாகத் தள்ளி உள்ளே வைத்தேன். உட்கார்ந்தது. கைதட்டினார்கள். ஒருத்தர் போட்டோ எடுத்தார். இன்னொன்று தூக்கச் சொல்லுங்கள், வீடியோ எடுக்கணும் என்றார் கண்ணாடிக்காரர். இன்னொன்றும் தூக்கினோம்.

அவர்கள் போன பிறகு சூப்பர்வைசர் வந்து, "அடுத்த மாசம் எட்டுப் பேர் எடுக்கறாங்களாம். உங்களாலதான்" என்றார். அன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வேடிக்கை பார்க்க யாரும் இல்லை. முப்பத்தோராவது டிரம். கடைந்து முடிந்ததை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். கடைந்த டிரம்மின் வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கும், சூடாகவும் இருக்கும். அவள் உருளைப் பாதைப் பக்கம் பின்னால் எட்டு வைத்தாள். நான் முன்னால் வைத்தேன். பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். என் பக்கம் சட்டென்று இறங்கியது. மொத்த எடையும் ஒரே இழுப்பில் அவள் பக்கம் சாய்ந்து, அவள் கையையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

சேஃப்டி ஷூவின் முன்பகுதியில் இரும்புத் தகடு இருக்கும். டிரம் அந்தத் தகட்டுக்கு மேலே, புறங்காலில் இறங்கி, உருளைப் பாதையைத் தாங்குகிற இரும்புத் தூண்மீது சாய்ந்து நின்றுவிட்டது. அவள் கால் அடியில். அவள் கத்தவில்லை. உருளைப் பாதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எடு."

குனிந்தேன். பிடித்தேன். தூக்கினேன். இடது கைப் பக்கம் எழும்பியது. வலது கை வழுக்கிக்கொண்டு வெறுமனே மேலே வந்தது. மறுபடி பிடித்தேன், மறுபடி வந்தது. டிரம் அசைந்து அவள் கால் மீதே மீண்டும் உட்கார்ந்தது.

"அக்கா, எடுக்கா! இன்னா பண்ற? எடு!"

அதற்குள் இரண்டு மெஷின் தள்ளி இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆடி என்று சொன்னவர். அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு வண்டிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். நான் டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் கேட்டார், "என்னம்மா ஆச்சு?"

"வழுக்கிடுச்சு சார்."

"யாருக்கு?"

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்தார். லேத்திலிருந்து கசிந்த எண்ணெய் ஒரு கை அகலத்துக்கு அவள் நின்ற பக்கத்தில் மினுங்கியது. அது எப்போதும் இருக்கிற எண்ணெய்தான். அவர் அதை போட்டோ எடுத்துக்கொண்டார். சாயங்காலம் என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். 'ஊழியர் கவனக்குறைவாகப் பின்னோக்கி நடந்ததால் கால் வழுக்கி' என்று ஆரம்பித்தது. சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் என்னைக் கையெழுத்து போடச் சொன்னார். பேனாவை இடது கையால் வாங்கினேன். கை நடுங்குது சார், திங்கக்கிழமை போடறேன் என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்குப் போனேன். ஹவுசிங் போர்டு பிளாக்கில் மூன்றாவது மாடி. படியேறும்போதே திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை நின்றேன். அவள் கட்டிலில், மாவுக் கட்டு போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். புறங்காலில் மூன்று எலும்பு முறிவு. அவள் அம்மா எனக்கு டீ போட அடுப்படிக்குள் போனார்.

"வாக்கா" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வெட்கம் இருந்தது. எனக்குப் புரியவில்லை.

"என்னால உனுக்கும் பேஜாரு. சார் போன் பண்ணாரு. என் கவனக்குறைவுன்னு எழுதிக்கீறாராம். எழுதட்டும். நெசம்தானே."

"இன்னாமே நெசம்?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்கிட்ட சொல்லாம மறச்சிட்டேன். மூணு வாரமா எனுக்கு ஒடம்புல தெம்பே இல்ல. அதே டிரம்முதான், ஆனா நாளுக்கு நாள் கனமாயிகினே வந்துச்சு. வூட்டுக்குப் போனா முதுகு வுட்டுப்போவும். ரத்தம் கம்மியாயிடுச்சோன்னு பயந்து அன்னிக்கு லீவு போட்டு டெஸ்ட் எடுத்தேன். இரும்புச் சத்து மாத்திர வாங்கித் தின்னேன். முட்ட தின்னேன். ஒண்ணும் கேக்கல. உங்கிட்ட சொன்னா நீ வேற ஜோடி கேப்பியோன்னு பயம். பளு தூக்குனவ நானே இப்படி ஆயிட்டேனேன்னு..."

அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

என் கை தாங்காத எடை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. அது அவள் கைக்குப் போயிருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு, குறை தன் உடம்பில் என்று நினைத்து மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறாள்.

"உன் ஒடம்பு நல்லாதான் கீது" என்றேன். "என் கையிலதான் பிடி இல்ல. மூணு வாரமா இல்ல. ரெண்டு விரல் மரத்துப்போச்சு. நான் தூக்கவேண்டியதையும் சேத்து நீதான் தூக்கின. வெள்ளிக்கிழம நான்தான் வுட்டுட்டேன். எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

முதலில் அவளுக்கு வந்தது கோபம் இல்லை. நிம்மதி. மூச்சை நீளமாக விட்டாள், டிரம் தூக்கும்போது விடுகிற மாதிரி. அப்புறம் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குதுன்னியே."

"ஆமா."

"நான் கேட்டேன். மூஞ்சிய பாத்து கேட்டேன் இல்ல?"

"கேட்ட."

"கால் மேல டிரம்ம வச்சிகினு எடுக்கா எடுக்கான்னு கத்தறேன். அப்பவாவது வாயத் தொறந்தியா? என்னால முடியல, யாராவது வாங்கன்னு ஒரு வார்த்த?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. டீயுடன் வந்த அம்மாவிடம், "அக்கா கெளம்புது" என்றாள். டீயைக் குடிக்காமல் எழுந்தேன். எனக்கு அதுதான் சரி என்று பட்டது.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குவதற்கு முன் சூப்பர்வைசரின் அறைக்குப் போனேன். அவர் தாளை எடுத்து மேசையில் வைத்து, பேனாவை நீட்டினார்.

"சார், அவளுக்கு வழுக்கல. என் கைதான் வுட்டுடுச்சு."

"விட்டுடுச்சுன்னா?"

"பிடி இல்ல சார். மூணு வாரமா."

பேனாவை நீட்டிய கை அப்படியே நின்றது. "மூணு வாரமா இந்தக் கையோடவா தூக்கினே? வியாழக்கிழமை அவங்க முன்னாடி தூக்கினது?"

"அதுவும்தான்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அவர் கத்துவதைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அன்று அவர் கத்தவில்லை, குரலைத் தாழ்த்திப் பேசினார். "அந்தப் பொண்ணு குனிஞ்சிருந்த நேரத்துல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஹாயிஸ்டைச் சரி பண்ணியிருப்பேன் இல்ல?"

"பண்ணியிருப்பீங்களா சார்? பொம்பளைங்களால ஆவாதுன்னு சொல்லியிருக்க மாட்டீங்களா?"

நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே முதல் லேத் ஓட ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லியிருப்பேன்தான்" என்றார்.

பிறகு, இந்த ரிப்போர்ட்டின் நகல் ஏற்கெனவே மேலே போய்விட்டது, இனி மாற்றினால் தன்மேலும் கேள்வி வரும் என்றார். நான் அங்கேயே நின்றேன். மாத்தி அனுப்புங்க சார், கவனக்குறைவு என்று அவள் பெயர் இருக்கிற தாளில் நான் கையெழுத்து போட மாட்டேன் என்றேன். உன்னை லேத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றேன். ஹாயிஸ்ட் வேலை செய்யவில்லை என்பதையும் எழுதுங்கள் என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம். அவர் ஒரு புதுத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்து போட்டேன்.

அன்றே என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, இறுக்கிப் பிடி, நான் இழுக்கிறேன் என்றார். இழுத்தார். காகிதம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் அவர் கைக்குப் போனது. அதையும் நன்றாகப் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கிறது, கட்டைவிரலின் பிடியும் அந்த நரம்பால்தான், சீக்கிரம் வந்திருந்தால் கட்டுப் போட்டே பார்த்திருக்கலாம் என்றார். ஆபரேஷன் செய்தார்கள். முழங்கையின் உள்பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. மோதிர விரலுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. சுண்டு விரலுக்குப் பாதிதான் வந்தது.

நான் திரும்பிப் போனபோது ஷெட்டில் சில விஷயங்கள் மாறியிருந்தன. எல்லா லேத்துக்கும் ஹாயிஸ்ட் சரிசெய்யப்பட்டிருந்தது. கையால் தூக்கக்கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள். எண்பது அறுபத்தைந்தாகக் குறைந்திருந்தது. முதலில் ஆண்கள் முணுமுணுத்தார்களாம், பொம்பளைங்களுக்காக எல்லாரையும் பொம்மை வேலை செய்ய வைக்கிறார்கள் என்று. ஒருநாள் ஆடி என்று சொன்னவரே கொக்கியை எடுத்து டிரம்மில் மாட்டினாராம். இடுப்பு வலிக்குக் கட்டுகிற பெல்ட் அவர் சட்டைக்குள்ளிருந்து புடைத்துத் தெரிந்ததாம். அதன் பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது. எட்டுப் பேர் என்றது நாலு பேராகி, அந்த நாலு பேரில் நாத்தனாரும் வந்துவிட்டாள்.

என்னைச் சோதனை மேசையில் போட்டார்கள். கடைந்த டிரம் சரியான அளவில் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கிற வேலை. எடை தூக்க வேண்டியதில்லை. பதினோரு வருஷம் பெட்டி தூக்கி, அப்புறம் டிரம் தூக்கி வளர்ந்த இந்த உடம்பு, முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதற்குப் பழக எனக்கு ஒரு மாசத்துக்கு மேல் ஆனது.

அவள் எனக்கு முன்னாலேயே வேலைக்குத் திரும்பியிருந்தாள். கால் லேசாக இழுக்கும், மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகமாக. அதே லேத்தில், இப்போது நாத்தனாரோடு ஜோடி. என் மேசைக்கு டிரம் வரும்போது, "நாப்பத்தாறாவது டிரம்ம பாத்துட்டியா", "இது கொஞ்சம் சந்தேகமாக் கீது" என்று வேலைப் பேச்சு பேசுவாள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். நாத்தனார் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன், மூன்று தடவை. மூன்று தடவையும், "வுடுக்கா" என்றாள். அது மன்னித்துவிட்டேன் என்றா, பேசாதே என்றா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாசம் ஒருநாள் ஷிப்ட் விட்டு வெளியே வந்தால் நல்ல மழை. கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்று, பஸ் எதுவும் வரவில்லை. சாலையோரம் முழங்கால் வரை தண்ணீர். நாத்தனார் அன்று லீவு. டோல்கேட் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தது. நிறைய ஆட்கள். அவள் முண்டியடித்து ஏறி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் எட்ட நின்றேன். ஆட்டோக்காரர் கிளம்பப் போனார்.

"இரு, இரு" என்று அவள் அவர் தோளைத் தட்டினாள். பக்கத்தில் இருந்த பெண்ணை இடுப்பால் நெருக்கி, ஒரு சாண் இடம் உண்டாக்கினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள், "ஏறுக்கா. மழை வுடாது."

ஏறினேன். டோல்கேட் வரை தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.